கடைசி வீட்டுக் குடம்

தண்ணீர் திறந்து விடுவதில் என்ன பெரிய பெருமை என்று கேட்பவர்கள், குழாய் போய் முடிகிற கடைசி வீட்டில் ஒரு மாதம் குடியிருந்து பார்க்க வேண்டும். முதல் தெருக்காரனுக்குத் தண்ணீர் வரும். கடைசி வீட்டுக்காரிக்கு வந்தால் வரும். இந்த வித்தியாசம் ராயப்பனுக்கு நன்றாகத் தெரியும். வானூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊராட்சியில் பத்தொன்பது வருஷமாக அவர்தான் டேங்க் ஆபரேட்டர். காகிதத்தில்தான் அந்தப் பெயர். ஊர் வாயில் அவர் 'தண்ணி உடற ராயப்பன்'.

விடிவதற்குள் எழுந்து மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்ப வேண்டும். ஐந்தரைக்குக் கோயில் தெரு வால்வு, பிறகு பெரிய தெரு, பிறகு கீழத்தெரு, கடைசியில் காலனி. சொல்லிக் கேட்டால் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் போலத்தான் இருக்கும். ஆனால் காலனி இருப்பது மேட்டில். பள்ளத்து நல்ல மண்ணையெல்லாம் ஊர் வைத்துக்கொண்டு மேட்டுக் கரம்பைக் காலனிக்காரர்களுக்கு ஒதுக்கிய காலத்தில், குழாய் என்று ஒன்று வரும் என்று யாரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள். தண்ணீருக்குச் சாதி தெரியாது, மேடு பள்ளம் தெரியும். ராயப்பனுக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் காலனியின் கடைசி ஏழு வீடுகளில் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. பெண்கள் குடத்தோடு கீழத்தெருவுக்கு இறங்கிப்போய், தண்ணீரோடு அங்கே வாங்கிய பேச்சையும் சேர்த்துச் சுமந்து வந்தார்கள். ராயப்பனின் மனைவி சவுரியம்மாளும் அப்படிச் சுமந்தவள்தான்.

ராயப்பன் வேலையில் சேர்ந்த புதிதில் தினமும் வால்வுக் குழிக்குள் இறங்கி அதையும் இதையும் திருகிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழத்தெருவை முழுக்க மூடிவிட்டுக் காலனியைத் திறந்தால் குழாயில் காற்று அடைத்துக்கொண்டது. கீழத்தெருவில் இரண்டு சுற்று மட்டும் விட்டுவைத்து, காலனியைப் பதினாலு சுற்று மெல்லத் திறந்து, காற்று சீறி அடங்கிய பிறகு கீழத்தெருவை மூடினால் தண்ணீர் மேடேறியது. எந்த இன்ஜினியரும் சொல்லிக்கொடுத்ததல்ல. ஒரு மாதம் தோற்றுத் தோற்று அவர் கையே கண்டுகொண்டது.

தண்ணீர் மேடேறியது சரி, கடைசி வீடு வரை போனதா என்று தொட்டியடியில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? அதைச் சவுரியம்மாள் பார்த்துக்கொண்டாள். காலனிக் கடைசியில் வீரம்மாள் வீடு. புருஷன் இல்லாதவள், ஒரு கால் வேறு சரியில்லை. சவுரியம்மாள் தினமும் காலையில் அந்தக் குழாயடியில் போய் நிற்பாள். வீரம்மாளின் கடைசிக் குடம் நிரம்பியதும் தன் போனிலிருந்து புருஷனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அங்கே மணி அடிக்கும். ராயப்பன் எடுக்க மாட்டார். அடித்தால் குடம் நிரம்பியது என்று அர்த்தம், உடனே வால்வை மூடிவிடுவார். ஐந்து நிமிஷம் தாமதித்தால் தொட்டி வற்றி, சாயங்காலம் ஊரே காலிக் குடத்தோடு நிற்கும். ஆளுக்கொரு செல்போன் வாங்கிய நாளிலிருந்து, பேசினால் காசு போகுமே என்று செய்துகொண்ட ஏற்பாடு இது. எவ்வளவு பேசினாலும் ஒரே கட்டணம் என்று காலம் மாறிய பிறகும் இவர்கள் மாறவில்லை. ஆறே முக்காலுக்கு ஐந்து நிமிஷம் முன்பின்னாக அந்த மணி அடிக்கும். அதைக் கேட்கும்போது ராயப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

இதற்காக அவரை ஒருவரும் பாராட்டியதில்லை. குடத்திலிட்ட விளக்குதான். தண்ணீர் வந்த நாளில் ராயப்பன் என்று ஒருவர் இருப்பதே ஊருக்கு மறந்துபோகும், வராத நாளில் அவருடைய அப்பன் பாட்டன் வரை ஞாபகம் வரும். இந்த மனக்குறை அவருக்கு உண்டு. சாயங்காலம் சவுரியம்மாளிடம், இன்றைக்கு அஞ்சு நிமிஷம் முன்னாலேயே நிரம்பிவிட்டதே கவனித்தாயா என்று கேட்பார். கேப்பைக் களி கிண்டிக்கொண்டே அவள் சொல்வாள்:

"ஆமாய்யா, கலெக்டரு மாலை எடுத்துக்கினு வந்துக்கினே இருக்காரு. போயி மூஞ்ச கழுவு."

அந்தக் கிண்டல்தான் அவருக்குக் கிடைத்த ஒரே விருது, அது போதுமாகவும் இருந்தது.

போதாத ஒன்றும் அவரிடம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வயது ஏறுகிறதே, அவசரத்துக்கு ஒரு ஆள் வேண்டாமா என்று தென்னரசு என்கிற ஆளை ஊராட்சி எழுத்தர் அவரிடம் பழகிக்கொள்ள அனுப்பினார். ராயப்பன் தென்னரசுக்கு மோட்டார் போடக் காட்டினார், தெருக்களின் வரிசையைச் சொன்னார். அந்த இரண்டு சுற்று சூட்சுமத்தை மட்டும் சொல்லவில்லை. மறந்துபோனது என்று பிற்பாடு அவரே சொல்லிப் பார்த்தார். மறக்கவில்லை. அதையும் கொடுத்துவிட்டால் தன் கையில் என்ன மிச்சம் என்று நினைத்தார். உலகத்தில் அவருக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான்.

ஐப்பசி மழையில் சவுரியம்மாளுக்குக் கால் வீங்கியது. பிறகு மூச்சு வாங்கியது. திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த மகள் அன்புச்செல்வி ஓடிவந்து, திண்டிவனத்துக்கே கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இருதயம் பலவீனமாக இருக்கிறது என்று அங்கிருந்து விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். ராயப்பன் கூடவே போனார். மூன்று நாள் பெண்கள் வார்டுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் துண்டை விரித்துக் கிடந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் மூன்று நாள் வால்வைத் தொடாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

ஊரில் தென்னரசு தண்ணீர் விட்டான். அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, சொன்னபடி செய்தான். கீழத்தெருவை முழுக்க மூடினான், காலனியைத் திறந்தான். கடைசி ஏழு வீடுகளில் மறுபடியும் காற்று வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் வீரம்மாள் போன் செய்தாள். அவள் கேட்டது சவுரியம்மாள் எப்படி இருக்கிறாள் என்றுதான். தண்ணீர் வருகிறதா என்று தோண்டித் துருவிக் கேட்டவர் ராயப்பன். அந்தப் பொம்பளை பொய் சொல்லத் தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு ராயப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சவுரியம்மாளுக்கும் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தாள், எழுந்து உட்கார்ந்து மகளைத் தலைவாரிவிடச் சொன்னாள். சாயங்காலப் பார்வை நேரத்தில் ராயப்பன் கட்டிலோரம் போய் நின்று, இப்போது பஸ் ஏறிப்போய்க் காலையில் தண்ணீர் விட்டுவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுகிறேன் என்றார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கி ஒரு நா அவனே உடட்டுமேய்யா."

"அவன் உட்டா வீரம்மாளுக்கு வராது சவுரி. போன ஜோர்ல வந்துடுவேன்."

 அவள் பிடித்த கையை விட்டாள். அவர் பாண்டிக்கு வந்து பஸ் மாறி ஊருக்குப் போனார்.

மறுநாள் எல்லாம் அவர் நினைத்தபடிதான் நடந்தது. கோயில் தெரு, பெரிய தெரு, கீழத்தெரு. இரண்டு சுற்று விட்டுவைத்தார். காலனியைப் பதினாலு சுற்று திறந்தார். மூன்று நாள் அடைத்த காற்று வழக்கத்தைவிட நெடுநேரம் சீறி அடங்கியது, கீழத்தெருவை மூடினார், தண்ணீர் மேடேறும் சத்தம் கைக்குத் தெரிந்தது. இன்றைக்குக் கடைசி வீட்டில் நிற்க ஆள் இல்லை, குத்துமதிப்பாகத்தான் மூட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு குழியை விட்டு ஏறினார்.

அப்போது போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். சவுரி என்று இருந்தது. ஆறே முக்காலாக ஐந்து நிமிஷம் இருந்தது.

அவர் சிரித்தார். கட்டிலில் படுத்துக்கொண்டும் நேரத்தை மறக்கவில்லையே, என்னைக் கிண்டல் பண்ணுகிறாளே என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் அவ்வளவு பெருமையாக அவர் ஒருநாளும் நின்றதில்லை. போனை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவே இல்லை. அந்த மணிக்கு அவர் கை கற்றிருந்தது ஒன்றுதான். அடிக்கும்போதே மறுபடி குழிக்குள் இறங்கி, காலனி வால்வை இறுக்கி மூடினார். பிறகு போனை மோட்டார் ரூம் ஜன்னலில் வைத்துவிட்டு, எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று பார்க்கத் தொட்டி மேல் ஏறினார்.

இறங்கி வந்தபோது போனில் ஆறு அழைப்பு தவறியிருந்தது. ஆறும் சவுரி. ஒரு மணிதான் அவள் வழக்கம். திருப்பி அடித்தார். எடுத்தது அன்புச்செல்வி. அம்மா போய்விட்டது என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

மத்தியானம் வண்டியில் சவுரியம்மாளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அன்புச்செல்வி அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சாமியார் வந்து ஜெபம் சொன்னார். ஊரிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பெரிய தெரு துரைக்கண்ணு, நிறைய நிலம் வைத்திருப்பவர், சாதாரணமாகக் காலனிக்குள் கால் வைக்காதவர், ராயப்பனின் தோளில் கை வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பொண்டாட்டி உசுருக்குப் போராடிக்கினு இருக்கசொல்ல வந்து ஊருக்குத் தண்ணி உட்டான் பாருங்க. இவன் மாதிரி ஆள நா பாத்ததில்ல."

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். பத்தொன்பது வருஷம் காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது. ராயப்பனுக்கு அந்தக் கையைத் தட்டிவிட்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. எதிரே சுவரோரம் வீரம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவர் போய்க் குனிந்து, காலையில் தண்ணீர் வந்ததா என்று கேட்டார். இதைப்போய் இப்போது கேட்கிறாயே என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் விடவில்லை.

"வந்துதுப்பா. கொடம் பாதிகூட ஆவல, நின்னுடுச்சு."

அவர் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சவுரியிடமும் இருக்கவில்லை, கடைசி வீட்டுக்கும் தண்ணீர் போகவில்லை. அடக்கம் முடியும்வரை இது ஒன்றேதான் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் கல்லறைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில்தான் அன்புச்செல்வி வாய் திறந்தாள். ஏன் போனை எடுக்கவில்லை, அம்மாவைவிட உனக்குத் தண்ணீர் பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்டாள். ராயப்பன் நடையை நிறுத்திவிட்டு, மிஸ்டு கால் ஏற்பாட்டை முதலிலிருந்து சொன்னார். அடித்தால் குடம் நிரம்பியது என்று அர்த்தம், எடுக்கக் கூடாது, மூட வேண்டும். மகளுக்குக்கூட அது இத்தனை வருஷம் தெரியாது. சொல்லி முடித்ததும் அவள் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கோபமே இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அம்மா என்ன சொல்லிக் கூப்பிடச் சொன்னாள் என்று அவர் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலப்பா. மூச்சு இழுக்க ஆரம்பிச்சதும் போன காதுல வைக்கச் சொல்லுச்சு. ஒன் கொரல கேக்கணும்னு. மணி அடிக்க அடிக்கக் கேட்டுக்கினே இருந்துச்சு."

ராயப்பன் தன் போனை எடுத்துப் பார்த்தார். இத்தனை வருஷம் தினமும் காலையில் கூப்பிட்டவளுக்கு, அந்தப் போனில் ஒருநாள்கூட அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.