டேஷ்போர்டில் இருந்த மாத்திரைகள்

பிரசங்கியார் முதலில் தச்சுப் பட்டறையில் மேசை இழைத்தவர். இருபத்திரண்டு வயதில் வேதாகமக் கல்லூரியில் சேர்ந்து இறையியல் படித்தார். அவருடைய முதல் எழுப்புதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினோரு பேர். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். பத்தே வருடத்தில் கூடாரம் கொள்ளாத கூட்டம். விசுவாசிக்கு மருந்து வேண்டாம் என்று தடித்த புத்தகமே எழுதினார். மேடைக்கு முன்னால் ஒரு வாளி இருக்கும். நோயாளிகள் தங்கள் மாத்திரைகளை அதில் கொட்டுவார்கள்.

அவர் மனைவிக்குக் கண் அழுத்த நோய். தினமும் விட வேண்டிய சொட்டு மருந்தை அவளும் வாளியில் போட்டாள். ஆறு வருடத்தில் இடது கண் அவிந்தது. "கண்ணு போனாலும் விசுவாசம் போகல" என்று மேடையேறிச் சாட்சி சொன்னாள். கூட்டம் அழுதது, அவரும் அழுதார். இப்போது வலது கண்ணிலும் ஓரம் மங்கத் தொடங்கியிருந்தது.

எழுபது வயதில் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் நின்றது.

"வீட்டுல என்ன மாத்திரை சாப்பிடுறாரு?" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டாள்.

"எங்க வீட்டுல மாத்திரையே கிடையாதும்மா. முப்பது வருஷமாச்சு" என்றாள் மனைவி.

பின்னால் நின்ற கார் டிரைவர் கனைத்தார். "பிரஷருக்கு ஒண்ணு, ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு. டேஷ்போர்டுல வச்சிருப்பாரு. பன்னெண்டு வருஷமா நான்தான் வாங்கித் தரேன். போன வாரம் எனக்குக் காய்ச்சல், கடைக்குப் போக முடியல."

"வேற யாருக்குத் தெரியும்?" என்று மனைவி அவரைக் கேட்டாள்.

"சபை மூப்பருங்களுக்குத் தெரியும்மா. உங்களுக்குத் தெரியாதுங்கிறதுதான் எனக்குத் தெரியாது."

கட்டிலில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமில்லை, இமை துடித்தது. நம்பவைத்துக் கழுத்தறுத்தவரின் வாயோரம் எச்சில் வழிந்தது. மனைவி அதைத் துடைத்தாள். முதுகில் புண் வராமலிருக்க ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையணை முட்டுக்கொடுத்தாள். செய்ய வேண்டியதைச் செய்ய அன்பு தேவைப்படவில்லை.

மாலையில் மூத்த மூப்பர் வந்தார். "ஞாயித்துக்கிழமை நீங்க ஒரு வார்த்தை பேசணும்க்கா. ஐயா மருந்தில்லாமலே தேறி வர்றாருன்னு. சனங்க கலங்கியிருக்காங்க."

"பேசுறேன். ஐயா சாப்பிட்ட ரெண்டு மாத்திரையையும் பேர் சொல்லியே பேசுறேன்."

"மானம் கப்பலேறிடும்க்கா."

"ஏறட்டும். அதே கப்பல்ல உங்களுக்கும் ஒரு இடம் போட்டுக்குங்க."

மூப்பர் பைபிளை இடுக்கிக்கொண்டு வெளியேறினார். அவள் நர்ஸைத் தேடிப் போய், கண் டாக்டர் எந்த மாடியில் இருக்கிறார் என்று கேட்டாள்.