மூன்று ஓட்டைக் கண்ணாடி வில்லை

திருத்தணிக் கடைத்தெருவில் என் கணவர் தறிச் சாமான் கடை வைத்திருந்தார். உலகச் சண்டை ஓய்ந்து, கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கிய சமயம், சீமையிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்தார். உள்ளே பொடிசு பொடிசாகக் கண்ணாடி வில்லைகள். பூ வேலைச் சேலை நெய்கிற தறியில் ஒவ்வோர் இழையும் இப்படி ஒரு வில்லைக்குள் நுழைந்துதான் போகும்.

பெட்டியைப் பட்டணத்துத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். சுங்க அதிகாரி அதைப் பாசிமணி என்றாராம். அலங்காரச் சாமானுக்குத் தீர்வை அதிகம். தறிச் சாமானுக்குக் குறைவு.

"தங்கச்சிய இட்டுகினு போறேன். அதுக்குத்தான் இங்கிலீஷ் வரும்" என்றார் கணவர். என் நாத்தனார் அரக்கோணத்தில் ஹைஸ்கூல் படித்தவள்.

"நானும் வரேன்" என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னை அவர் பட்டணத்துக்கு அழைத்துப் போனதே இல்லை.

அதிகாரி வில்லைகளை உள்ளங்கையில் குலுக்கினார். "ஓட்டை இருக்கு, பளபளன்னு இருக்கு. கோர்த்தா மாலைதானே?"

நாத்தனார் இங்கிலீஷில் பதில் சொன்னாள். அவரும் இங்கிலீஷுக்கு மாறி ஏதோ கேட்டார். இவள் தயங்காமல் பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என் கணவரின் முகம் மட்டும் நன்றாக விளங்கியது. அப்படி மலர்ந்து அவர் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை.

பிறகு அவள் பையிலிருந்து, ஆர்.கே.பேட்டை நெசவாளர் ஒருவரிடம் இரவல் வாங்கிய தறிக் கயிறுகளை எடுத்தாள். நடுவில் அதே வில்லைகள். இப்போது தமிழிலேயே சொன்னாள்.

"மூணு ஓட்டை பாருங்க சார். மேலயும் கீழயும் கயிறு கட்ட. நடுவுல இழை போக. மாலைக்கு எதுக்குங்க மூணு ஓட்டை?"

அதிகாரி ஒரு வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரித்துவிட்டு, தறிச் சாமான் என்றே எழுதிக்கொடுத்தார்.

ரயிலில் வழி நெடுக அண்ணனும் தங்கையும் அதையே பேசினார்கள். நான் காலித் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன்.

"அண்ணி, ஏன் பேசாம வரீங்க?"

"தலவலி."

உடனே என் நெற்றியைப் பிடித்துவிட்டாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

மறு வருஷம் அவள் வேலூருக்கு வாழப் போனாள். அடுத்த பெட்டி வந்தபோது கணவர் தனியாகப் போய்வந்தார்.

"அதே ரேட்டுதான் போட்டாங்க. அந்த ஆபீசரு, 'உங்க தங்கச்சி வரலியா'ன்னு கேட்டாரு" என்றார், வாயெல்லாம் சிரிப்பாக.

"ஆங்" என்று சொல்லி, சோற்றுக் கரண்டியை அவர் தட்டில் ணங்கென்று தட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, சிரித்துக்கொண்டே பிசைந்தார்.