வடக்குக் கோடியில் ஒரு டப்பா

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த லாரி, ஒன்றே ஒன்று. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடும் ஒரு சின்னக் கோழிப்பண்ணையும் உண்டு. பண்ணை என் பொறுப்பு, வண்டி அவர் பொறுப்பு. சேலத்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு குஜராத் போவார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர்வெல் போடப் போன ஊர்களுக்கெல்லாம் பைப் ஏற்றிக்கொண்டு போவார். மாதத்தில் ஒரு வாரம் வீட்டில் இருந்தால் அதிகம். போனில்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம் என்று சொன்னாலும் தப்பில்லை.

இந்த டப்பா ஆட்டம் எங்களிடம் வந்து சேர்ந்தது மகாராஷ்டிரத்தில் ஒரு தாபா வாசலில். வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். ரோட்டோரம் இருந்த மைல்கல்லைச் சுற்றி ஒரு வெள்ளைக்காரத் தம்பதி குனிந்து குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நல்ல வயசாளிகள். எதையோ தொலைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று இவரும் எழுந்துபோய்க் கூடச் சேர்ந்து தேடியிருக்கிறார். என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே இவர் கைதான் அதைத் தொட்டது. கல்லுக்குப் பின்னால் மண்ணுக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் சுருட்டிய காகிதம். அந்த அம்மாள் காகிதத்தைப் பிரித்து அவர்கள் பெயரை எழுதி, பேனாவை இவரிடம் நீட்டினாராம்.

அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் போன் வந்தது.

“உலகம் பூரா இப்பிடி ஒளிச்சு வெச்சிருக்கறாங்களாம் புள்ள. போன்ல எடம் காட்டுது. தேடிக் கண்டுபிடிச்சு, காயிதத்துல பேர எழுதிட்டு, மறுக்கா அங்கயே வெச்சுப்போடோணும்.”

“கண்டுபிடிச்சா என்னங்க குடுப்பாங்க?”

“ஒண்ணும் குடுக்க மாட்டாங்களாம்.”

“அப்பறம் எதுக்குங்க அது?”

“தெரியல. ஆனா கையில டப்பா தட்டுப்பட்டப்ப நல்லா இருந்துச்சு” என்றார்.

அதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர் என்பதை நான்தான் பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். அவர் இன்றுவரை டப்பா ஆட்டம் என்றுதான் சொல்கிறார். டப்பாவை ஒளித்துவைத்தவர்கள் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு ஒரு குறிப்பும் எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில், கொஞ்சம் விடுகதை மாதிரி. அவருக்கு ஆறு மாநிலத்து போர்டுகளை எழுத்துக்கூட்டத் தெரியும். ஆங்கில விடுகதை ஆகாது. நான் சேலத்தில் காலேஜ் படித்தவள். ஆகவே அவர் அங்கே இடத்துக்குப் போய் நின்றுகொண்டு போன் போடுவார். நான் இங்கே தீவன மூட்டை மேல் உட்கார்ந்து குறிப்பைப் படித்துச் சொல்லுவேன்.

“ஏனுங்க, பாலத்துக்குக் கெழக்கால ஒரு இரும்புத் தூண் இருக்குதுங்களா?”

“இருக்குது. ரெண்டு இருக்குது.”

“துருப்பிடிச்சது எது?”

“ரெண்டும் துருதான் புள்ள. இரு, கைய உட்டுப் பாக்கறேன்.”

அந்தச் சில நிமிஷம் நானும் அவர் பக்கத்தில் நிற்பது போலவே இருக்கும். அதற்கு முன்னால் எங்கள் போன் பேச்செல்லாம் டீசல், டயர், முட்டை விலை என்றுதான் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் இந்த டப்பாக்கள் அபூர்வம். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் எத்தனை சுற்றினாலும் கைவிரலுக்குள் அடங்கிவிடும். அதெல்லாம் இரண்டு விடுமுறையில் தீர்ந்துபோயிற்று. அதனால் அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் மற்றவர்கள் செய்த சாதனைகளை நான் படித்துச் சொல்லுவேன். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் தேடி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள்கூட விடாமல், காய்ச்சலோ மழையோ, தினம் ஒன்றாவது கண்டுபிடித்தே தீருவது என்று வருஷக்கணக்காக நடப்பவர்கள் இருக்கிறார்கள். கடலுக்கு அடியில் ஆழத்தில் ஒரு டப்பா. பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தில்கூட ஒன்று. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“ஆகாசத்துல வெச்சத யாரு போய் எடுக்கறது?”

“அங்க வேலைக்குப் போறவங்கதான் எடுக்கோணும்.”

“அப்ப நமக்கு ஆகாது” என்று சோற்றைப் பிசைந்தார். பிறகு, “நம்மளுக்கு ஆகறது என்னன்னு பாரு. வண்டி போற எடமா இருக்கோணும்” என்றார்.

அப்படி வந்ததுதான் நாலு மூலை. வரைபடத்தில் இந்த நாட்டின் தெற்குக் கோடி, மேற்குக் கோடி, கிழக்குக் கோடி, வடக்குக் கோடி என்று காட்டுகிற நான்கு டப்பாக்களையும் ஒரே லாரியில் போய் எடுப்பது. தனியாக வண்டி எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கூடாது, லோடு கிடைத்துப் போகும்போதுதான் எடுக்க வேண்டும் என்று அவராகவே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார். யாராவது முன்பே செய்திருக்கிறார்களா என்று நான் தேடிப் பார்த்தேன். காரில், பைக்கில் முயற்சி செய்தவர்கள் இருந்தார்கள். லோடு லாரியில் யாரும் இல்லை.

தெற்குக்கு நானும் போனேன். நாகர்கோவிலுக்குத் தீவன லோடு. கேபினில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கால் நீட்டிக்கொண்டு போனேன். கன்னியாகுமரியில் கடற்கரைச் சுவரில் ஒரு கல் இடுக்கில் டப்பா இருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். அவர் காகிதத்தில் பெயருக்குக் கீழே வண்டி நம்பரையும் எழுதினார்.

மேற்கு அடுத்த வருஷம், கட்ச் பக்கம் உப்பு ஏற்றப் போனபோது. காற்று இரைச்சலில் அவர் சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது. கிழக்குதான் பெரும்பாடு. அஸ்ஸாம் தாண்டி மலைக்குள் போகத் தனி அனுமதி, விடாத மழை, லாரி ஏறினால் ஆடுகிற பழைய பாலம், காலெல்லாம் அட்டை. சிக்னல் கிடைக்காது என்று முன்கூட்டியே குறிப்பைத் தமிழில் சொல்லி மனப்பாடம் பண்ண வைத்திருந்தேன். முதல் நாள் கிடைக்காமல் திரும்பி, அடுத்த நாள் மறுபடி ஏறிப்போய் எடுத்தார். கீழே இறங்கி வந்து போன் போட்டார். “மூணாச்சு புள்ள” என்றார். அவ்வளவுதான். நான் பண்ணையில் வேலை செய்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கி வரச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: “வடக்குக்கு நீயும் வாரே. லடாக்குக்கு லோடு வராமயா போயிரும்.”

“நான் எங்கீங்க அம்புட்டுத் தூரம்?”

“ஆரம்பிச்சப்ப கூட இருந்தே. முடிக்கறப்பவும் இருக்கோணும்.”

நான் சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பெட்டியில் வைக்க இரண்டு ஸ்வெட்டர்கூடச் சேலத்தில் வாங்கினேன். ஆனால் லடாக்குக்குப் போகும் மலைக் கணவாய்கள் கோடையில் திறந்து பனிக்காலத்தில் மூடிவிடும். திறந்திருக்கும் மாதங்கள்தான் கணக்கு. முதல் வருஷம் அந்த மாதங்களில் மகளுக்குப் பிரசவம். ஆபரேஷன், குழந்தை எடை குறைவு, நான் நகர முடியவில்லை. அடுத்த வருஷம் வெயில் அப்படி அடித்தது. போர்வெல் வற்றி, கோழிகள் தினமும் செத்து விழுந்தன. டேங்கர் தண்ணீருக்கு நான் ரோட்டில் காவல் நின்றேன். இரண்டு வருஷமும் நானே அவரிடம் கேட்டேன்: “லடாக் லோடு ஏதாச்சும் வந்துச்சுங்களா?” இரண்டு தடவையும், “எங்க, இந்த வருசம் அந்தப் பக்கம் லோடே இல்ல” என்றார். நானும் நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கண்ணில் கோளாறு வந்தது. எதிரே வரும் வண்டியின் விளக்கு உடைந்து உடைந்து தெரிகிறது என்றார். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் சேலத்துக்குப் போனோம். சர்க்கரை கண்ணின் உள்திரையைப் பிடித்துவிட்டது என்றார் டாக்டர். லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். மேற்கொண்டு கெடாமல் நிறுத்தலாம், போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். “கனரக வண்டி இனி வேண்டாங்க” என்று டாக்டர் சொன்னபோது இவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரியை விற்க ஆள் பிடித்துக் கொடுத்தவர் நாமக்கல்லில் புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். வருஷக்கணக்காக இவருக்கு லோடு கொடுத்தவர். வாங்கியவர்கள் வண்டியை எடுத்துப் போக வந்த அன்று இவர் அவர்கள் கூட்டி வந்த பட்டறைக்காரர்களோடு வெளியே நின்றிருந்தார். அந்தப் புக்கிங்காரர் உள்ளே வந்து நான் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

“நல்ல மனுசனுங்கக்கா. ஒரே ஒரு கோளாறு. லடாக்குக்கு ரெண்டு தாட்டி நல்ல லோடு வந்துச்சு. ரிக் பைப்பு. மத்தவங்க அடிச்சுப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. அண்ணனத்தான் மொதல்ல கூப்பிட்டேன். ரெண்டு தாட்டியும் வேண்டாம்னு போட்டாருங்க.”

“ஏனாம்?”

“ஊட்ல ஆளுக்குத் தோது இல்லன்னாரு. அவங்களும் வரோணும்ங்கறாரு. லோடுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு வெளங்கலீங்க.”

அவர் போனபிறகு டம்ளரைக் கழுவி வைத்தேன். வெளியே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. அது கேட்டைத் தாண்டித் திரும்பும்போது நான் வாசலுக்குப் போயிருக்க வேண்டும். என்னால் போக முடியவில்லை.

அன்றைக்கே கேட்டுவிட்டேன். “நீங்க தனியாப் போயிட்டு வந்திருந்தா நான் என்னங்க சொல்லப் போறேன்?”

“அடுத்த வருசம் போலாம்னு இருந்தேன். கண்ணு இப்பிடிப் பண்ணும்னு யாரு கண்டா?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க.”

“சொன்னா நீ போங்கன்னு தள்ளி உட்டுருவே” என்றார்.

உண்மைதான். தள்ளித்தான் விட்டிருப்பேன். அவர் போயிருப்பார், எடுத்திருப்பார், நான் தீவன மூட்டை மேல் உட்கார்ந்து குறிப்பைப் படித்திருப்பேன். அதுவே எனக்குப் போதுமாக இருந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நானும் ஒருநாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

மகள்தான் பிடிவாதம் பிடித்து டிக்கெட் போட்டாள். கோயம்புத்தூரிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து லே. இரண்டு பேரும் முதல்முறையாக விமானம் ஏறினோம். டாக்டர் சொன்னபடி லேயில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, பிறகு வாடகைக் கார் எடுத்தோம். கணவாய் ஏறும்போது எதிரே லாரிகள் வரிசையாக இறங்கின. இவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் குளிரில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தத்தை வைத்தே சொன்னார், “இது செகண்ட் கியர்ல எறங்குறான். இவன் தொழில் தெரிஞ்சவன்.” அடுத்த வண்டிக்கு, “பிரேக்கையே புடிச்சுக்கிட்டு வாரான், சூடாயிரும்.” கார் டிரைவருக்குத் தமிழ் தெரியாது. நான் மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

டப்பா இருந்த இடம் கணவாய்க்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரையில் ஒரு கற்சுவர். அவருக்கு மூச்சு வாங்கியதால் காரிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஒருத்தியாக இறங்கிப் போனேன். குறிப்பை நான்தான் மனதில் வைத்திருந்தேன், படித்துச் சொல்ல ஆள் தேவையில்லை. தட்டைக் கற்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்ததில் சுவரின் அடியில், ஒரு கல்லுக்குப் பின்னால் கிடைத்தது. எஃகு டப்பா. குளிரில் விரல் ஒட்டியது. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். டப்பாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு காருக்கு நடந்து வந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது.

அவர் வாங்கி இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். மூடியைத் தடவிப் பார்த்தார். திறந்து, காகிதத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். நான் பென்சிலை நீட்டினேன்.

“நீ எழுது” என்றார்.

“உங்க பேரையா?”

“உன்னோடத. நீதான கண்டுபிடிச்சே.”

“உங்களோடதும் எழுதறனுங்க.”

“வேண்டாம் புள்ள. நம்ம வண்டி வரலியே. லோடும் இல்ல. நான் போட்ட சட்டம், நானே எப்பிடி மாத்தறது?”

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தச் சட்டத்தின் மேல் அவ்வளவு கோபம் வந்தது. யாரும் பார்க்காத, யாரும் கேட்காத சட்டம். காரில் வந்தால் என்ன, நடந்து வந்தால் என்ன? அவர் பெயரையும் எழுதிவிடலாம், அவர் கண்ணுக்குத் தெரியப் போவதில்லை என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். எழுதவில்லை. என் பெயரை மட்டும் தமிழில் எழுதி, டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

இந்த வருஷம் டப்பா தேடுகிறவர்களின் போன் குழுவில் ஒரு படம் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு சின்ன வயசுத் தம்பதி, நான்கு மூலையும் முடித்துவிட்டார்கள். பைக்கில், ஒரே சீசனில். அந்தக் கற்சுவருக்கு முன்னால் ஹெல்மெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாரும் வாழ்த்து போட்டிருந்தார்கள். நாட்டிலேயே முதல் ஜோடி இவர்கள்தான் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். அவர் முட்டை அட்டைகளைத் தொட்டுத் தொட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

“நல்லாப் பண்ணியிருக்கறாங்க. வாழ்த்து எழுது” என்றார்.

எழுதினேன். எங்கள் மூன்றைப் பற்றியும் ஒரு வரி எழுதட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றார். இன்னொரு அட்டையை அடுக்கிவிட்டு, “கெழக்கால எந்த வழியாப் போனாங்கன்னு கேளு. மழைக்கு அந்தப் பழைய பாலம் நிக்குதான்னு கேளு” என்றார்.

அந்தப் பெண் உடனே பதில் போட்டாள். பழைய பாலம் இல்லையாம், பக்கத்திலேயே புதிதாகக் கட்டிவிட்டார்களாம், இப்போது எல்லா வண்டியும் அதில்தான் போகிறதாம். படித்துச் சொன்னேன்.

“லாரி போகுதாமா?”

“போகுதுங்களாம்.”

“பரவால்ல” என்று சொல்லிவிட்டு, அடுத்த அட்டையை எடுக்கக் கையை நீட்டினார். அது எங்கே இருக்கிறது என்று அவர் கை தேடியது. நான் நகர்த்தி வைத்தேன்.