அண்ணனிடம் இருந்த சாவி

செல்போன் பழுது பார்க்கும் கடையை அவள் பன்னிரண்டு வருடமாகத் தனியாளாக நடத்தி வந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை கடையைத் திறந்தபோது, பழுது பார்க்க வந்திருந்த நான்கு போன்களைக் காணவில்லை.

பூட்டுக்காரர் பூட்டைக் கழற்றிப் பார்த்தார். “யாரும் உடைக்கலம்மா. சாவி போட்டுத்தான் திறந்திருக்காங்க. இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கு?”

அது அண்ணனிடம் இருந்தது.

“யார்கிட்டயும் இல்ல. பூட்டையே மாத்திடுங்க” என்றாள்.

போன்கள் காணாமல் போனதைக் கேள்விப்பட்டு மாலையில் அண்ணன் வந்தார். புதுப் பூட்டைப் பார்த்துவிட்டு, தன் பழைய சாவியை மேசைமேல் வைத்தார். “புதுச் சாவி எனக்கு வேண்டாம்மா. நாளைக்கு ஏதாவது காணோம்னா நீ என்னைப் பார்க்கிற பார்வையை என்னால தாங்க முடியாது.”

“அப்படியெல்லாம் இல்லண்ணே” என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குப் பதில் அந்தப் பழைய சாவியை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டாள்.

அதன்பின் கடையில் எதுவும் தொலையவில்லை. ஆனாலும் அண்ணன் வாசலில் வந்து நின்றாலே அவள் கை தானாக மேசை டிராயரைச் சாத்தியது.