தேய்த்த இடம்

பைண்டிங் கடையில் வேலை பார்த்த காலத்திலேயே அவளுக்குப் பசையம்மா என்று பேர் விழுந்துவிட்டது. நக இடுக்கில் எப்போதும் காய்ந்த பசை ஒட்டியிருக்கும். பேரில் இருக்கிற பசை வீட்டில் இல்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கடையை இழுத்து மூடியபோது முதலாளி அவளுக்குக் கொடுத்தனுப்பியது வெட்டி மிஞ்சிய அட்டைகளை மட்டும்தான். அவற்றோடு கிழிந்த துணி, துருப்பிடித்த கம்பி, ஈரத்தில் உரிந்த சுவர்த்தாள், அறுந்த நூல் என்று அகப்பட்டதையெல்லாம் பலகையில் அடுக்கடுக்காக ஒட்டினாள். மேலே சாயம் பூசினாள், சுரண்டினாள், மறுபடி ஒட்டினாள். இதற்குக் கலப்பு ஊடகக் கலை என்று பேர் இருப்பது செல்போனில்தான் அவளுக்குத் தெரியவந்தது.

"குப்பைக்கு இவ்வளவு பெரிய பேரா?" என்று மகளிடம் கேட்டாள்.

"பேர் இருந்தாத்தான் குப்பைக்கே மரியாதை" என்றாள் மகள்.

இணைய வகுப்பில் சேர்த்துவிட்டதும் மகள்தான். முதல் வகுப்பில் பசையம்மா ஒலியை அடைத்துவைத்துக்கொண்டு தன் படங்களைப் பற்றி நெஞ்சுருகப் பேசினாள். ஒருவர் காதிலும் விழவில்லை. அடுத்த வகுப்பில் ஒலியைத் திறந்துவைத்ததை மறந்து, மாடியில் தண்ணீரை வழியவிட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அது எல்லோருக்கும் கணீரென்று கேட்டது. ஆனாலும் அவள் விடவில்லை. எந்த வெளிச்சத்தில் படம் எடுப்பது, எப்படி அனுப்புவது, முகம் தெரியாத ஆட்களுக்குத் தன் வேலையை எப்படிக் காட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கைக்குப் படிந்தது.

மகளுக்கு வேலை தகடு அழுத்தும் தொழிற்சாலையில், பிரஸ் மெஷினில். கை உள்ளே இருக்கும்போது மெஷின் இறங்காமல் தடுக்க முன்னால் ஒரு கம்பிக் கதவு உண்டு. அது மூடித் திறக்கிற நேரத்தில் இன்னும் நாலு தகடு அடிக்கலாமே என்று மேற்பார்வையாளன் கதவைத் தூக்கி, ஒரு பட்டையால் கட்டிவைத்தான். மகள் அதைப் படம் பிடித்தாள். சும்மா தன்னையே எடுத்துக்கொள்வதுபோல மெஷினுக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டு எடுத்தது. வாசலில் போனைச் சோதிப்பார்கள் என்பதால் அம்மாவுக்கு அனுப்பிவிட்டுத் தன் போனில் அழித்துவிட்டாள். "பத்திரமா வெச்சுக்கோ, என்னிக்காவது வேணும்" என்று கூடவே ஒரு வரி.

என்றைக்காவது என்பது அந்த மழைக்காலத்திலேயே வந்தது. மெஷின் இறங்கியது. வலது கையில் மிச்சம் கட்டைவிரல் மட்டும்.

பார்க்க வந்த அத்தை, மேலே இருப்பவன் புண்ணியத்தில் இடது கையாவது தப்பியது என்றாள். "அப்ப வலது கையை எடுத்தது யாரு, பக்கத்து வீட்டுக்காரனா?" என்று கேட்டாள் பசையம்மா. அத்தை காபியைத் தொடாமல் எழுந்து போனாள்.

துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் பசையம்மா ஒரு பலகையை எடுத்தாள். மகளின் படத்தை நகல் கடையில் தாளில் எடுத்துவந்து அதில் ஒட்டினாள். அந்தச் சமயத்தில்தான் போன் நிரம்பிவிட்டது, நிரம்பிவிட்டது என்று நச்சரித்துக்கொண்டிருந்தது. படங்களெல்லாம் தானாகவே மேலே, இணையக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அங்கே பத்திரமாக இருக்கும் என்று வகுப்பு டீச்சர் சொல்லியிருந்தார். கடவுள் பேரைச் சொன்னவர்களிடமெல்லாம் எங்கே சாட்சி, யார் பார்த்தது என்று ஆயுள் முழுக்க மல்லுக்கு நின்றவள், இதை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினாள். போனில் இருந்த படங்களை மொத்தமாக அழித்தாள். மகள் அனுப்பியது இருந்த பேச்சுப் பக்கங்களையும் துடைத்தாள். போனில் அழித்தால் மேலேயும் அழிந்துபோகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வாயால் சொல்லியிருந்த தொழிற்சாலையிடமிருந்து மாதங்கள் போனபின் எழுத்தில் பதில் வந்தது. கதவு ஒழுங்காக இயங்கியது. ஆய்வுப் பதிவேட்டில் அன்றைய தேதிக்குக் கையெழுத்து இருக்கிறது. விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு. கூட வேலை பார்த்தவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் வீட்டு அடுப்பும் எரிய வேண்டுமே.

படம் ஏதாவது இருக்கிறதா என்று தொழிற்சங்கத்து அக்கா கேட்டாள். இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டுத்தான் பசையம்மா போனைத் திறந்தாள்.

மேலே ஒன்றும் இல்லை. அழித்ததைத் திரும்ப எடுக்கிற கெடுவும் எப்போதோ முடிந்துவிட்டது என்று டீச்சர் சொன்னார். ரொம்ப வருத்தப்பட்டார்.

மிச்சம் இருந்தது பலகைக்குள் புதைந்த நகல் ஒன்றுதான். அந்தப் பலகையைத்தான் ஒரு இணையக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் செய்ததிலேயே பெரியது அது, நல்லதும் அதுவே. பிய்த்தால் போச்சு. அதைப் பற்றி அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவள் பயந்தது வேறொன்றுக்கு. ஒட்டிய நகலின்மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது நினைவிருந்தது. எங்கே, எவ்வளவு என்பது நினைவில்லை.

ஈரத்துணியை விரித்து, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். ஆவி இறங்க இறங்கப் பசை இளகியது. நகல் கடை மை தண்ணீருக்குக் கரையாது. அந்த ஒரு தைரியம். எதிரே உட்கார்ந்து மகள் இடது கையால் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நூல் வந்தது. துணி வந்தது. மெல்லிய தாள்கள் தோல் உரிவதுபோல உரிந்துவந்தன. அடியில் முகம் தெரிந்தது, சிரிப்பு கொஞ்சமும் கெடாமல். தோள் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் வெள்ளை.

மெஷினின் நேர்க்கோடுகள் முகத்தை அமுக்குகின்றன என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அசல்தான் பத்திரமாக இருக்கிறதே என்று தாளின் வெண்மை தெரியும்வரை தேய்த்திருக்கிறாள். படத்துக்கு அது அழகாகத்தான் இருந்தது.

"கதவு எங்கே?" என்றாள் மகள்.

"தேய்ச்சுட்டேன்."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல. கோடு கண்ணை உறுத்துச்சு."

"எனக்கும்தான் உறுத்துச்சு. நான் அதைப் படம் எடுத்தேன். நீ தேய்ச்சே."

மறுநாள் காலையில் மகள் பலகையைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

"கதவை நீயே போட்டுடு. உன்னால முடியும்."

முடியும்தான். அதே மெஷினின் படம் தொழிற்சாலையின் இணையப் பக்கத்திலேயே இருந்தது. கதவைத் தூக்கிவைத்து, பட்டையை வரைந்து, பொருத்தி, நகல் எடுத்து, கொஞ்சம் கறைப்படுத்தினால் போதும். எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. எந்தத் தாள், எந்தக் கறுப்பு என்றுகூட அவள் மனம் அதற்குள் முடிவு செய்துவிட்டது.

"நான் என்ன, இல்லாததையா போடச் சொல்றேன்? இருந்ததை இருந்த இடத்துல வைக்கச் சொல்றேன்" என்றாள் மகள்.

நடக்காத ஆய்வுக்குக் கையெழுத்துப் போட்டவன் கை நடுங்கியிருக்காது. அவன் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். நடந்ததைத் திருப்பி வரைய இவள் நடுங்க வேண்டியிருக்கிறது. இங்கே நியாயம் நடக்கிற லட்சணம் இது. பசையம்மா பலகையை மடியிலிருந்து இறக்கிவைத்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

தொழிலாளர் அலுவலகத்தில் நடந்த விசாரணைக்குப் பலகையைப் போர்வையில் சுற்றிக் கொண்டுபோனாள். போனில் அழித்தது, தாளில் தேய்த்தது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். பட்டை என்ன நிறம், முடிச்சு எந்தப் பக்கம் என்றும் சொன்னாள். அதிகாரி பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழிற்சாலையின் வக்கீல் எழுந்து, குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அம்மா, நீங்க கலைஞர். இல்லாததை இருக்கிற மாதிரி காட்டுறதுதானே உங்க வேலை?"

அவள் பதில் சொல்வதற்குள் அதிகாரி எழுத ஆரம்பித்துவிட்டார். ஆதாரம் இல்லை. கவனக்குறைவு என்பது அப்படியே நின்றது.

வெளிப்படியில் மகள் நின்றாள்.

"நீ வரைஞ்சிருந்தா ஜெயிச்சிருப்போம்."

"ஜெயிச்சிருக்கலாம்."

"அப்புறம் என்ன?"

"அவங்க பதிவேடும் என் பலகையும் ஒண்ணாயிடும்டி."

"ஆகட்டுமே. அவங்களுக்குப் பத்து விரலும் இருக்கு."

சொல்லிவிட்டு மகள் திரும்பிப் பார்க்காமல் இறங்கித் தெருவில் நடந்தாள். பசையம்மா பலகையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, மேல்முறையீட்டை எங்கே எழுதிக் கொடுப்பது என்று கேட்க மறுபடி உள்ளே போனாள்.