நேரங்கூட்டியின் முப்பது விநாடி

செவிலியர் இடமாற்ற அலுவலகத்தில் நாற்பத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். நேரத்தையே கூட்டிக் கொடுக்கும் வல்லமை அவர்களில் ஒருவருக்குத்தான் இருந்தது. அடையாள அட்டையில் அவர் இணையதளப் பராமரிப்பாளர். அலுவலகத்தில் எல்லோருக்கும் நேரங்கூட்டி.

மாடிப்படிக்குக் கீழே, கால் உடைந்த நாற்காலிகள் நடுவே, அவரும் சர்வரும் குடித்தனம் நடத்தினார்கள். சர்வர் மகா கறார். தளத்தின் எந்த ஸ்க்ரிப்ட், அதாவது எந்த நிரல், ஓடினாலும் முப்பது விநாடிதான் பொறுக்கும். அதற்குள் வேலை முடியாவிட்டால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அந்தக் கெடு ஒரு கோப்பில் வெறும் எண்ணாக எழுதியிருக்கும். யாராவது வந்து, "அண்ணே, பக்கம் பாதியில நிக்குது" என்றால், நேரங்கூட்டி கோப்பைத் திறந்து எண்ணைக் கூட்டுவார். "சாப்ட்டு வந்து பாருங்க" என்பார். சாப்பிட்டு வந்து பார்த்தால் ஓடும். "கைராசின்னா உங்க கைராசிதான்!" என்று போவார்கள். முப்பது அறுபதாகி, முந்நூறாகி, இப்போது மூவாயிரத்தில் வந்து நின்றது. ஒன்பது வருடப் புகழ்.

அவருடைய மனைவியும் செவிலியர். ஏழு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் ஒரு மருத்துவமனையில் ஆறு வருடமாக வேலை. மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை வீட்டுக்கு வருவார், ஒட்டடையைப் பார்த்துத் திட்டுவார், திரும்பிப் போவார். இந்த வருடம்தான் இடமாற்றத்தில் அவர் முறை வந்திருந்தது. பட்டியல் இன்று மாலை ஐந்துக்குள் தளத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் இந்த வருட இடமாற்றமே ரத்து என்று ஆணை. பட்டியல் தயாரிக்கும் ஸ்க்ரிப்டோ காலையிலிருந்து முப்பதாவது விநாடியில் செத்துச் செத்து விழுந்தது.

"நேரத்தக் கூட்டுய்யா" என்றார் இயக்குநர், மருந்து எழுதிக் கொடுப்பவரைப் போல.

ஐயாயிரம். செத்தது. பத்தாயிரம். செத்தது, அதே முப்பதில்.

மூன்று மணிக்கு மாமியார் போன் செய்தார். "மாப்ள, பட்டியல் உங்க கையாலதான வருது? எம் பொண்ணு பேரு வருமா, வராதா?"

"வரும் அத்தை. சர்வர் கொஞ்சம் சுணங்குது."

"ஆறு வருசமாவா?"

போனை வைத்தவருக்கு முதல்முறையாக ஒரு சந்தேகம் தட்டியது. பத்தாயிரம் என்று எழுதியும் முப்பதில் சாகிறதென்றால், நாம் எழுதுவதை யார்தான் படிக்கிறார்கள்? 'நீ எந்தக் கோப்பைப் படிக்கிறாய்?' என்று சர்வரிடமே கேட்டார். ஒன்பது வருடத்தில் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பதில் வந்தது.

அமைப்புக் கோப்பு இரண்டு இருந்தது. ஒன்று, நேரங்கூட்டி தன் கறுப்புத் திரையில் கட்டளை தட்டும்போது படிக்கப்படுவது. மற்றது, தளம் படிப்பது. அவர் ஒன்பது வருடமாக வாரி வழங்கியதெல்லாம் முதல் கோப்புக்கு. தளத்தின் கோப்பில் முப்பது என்ற எண் கன்னி கழியாமல் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் குறைந்து சர்வர் மூச்சுவிட்டதைத்தான் ஊரெல்லாம் கைராசி என்று கும்பிட்டிருக்கிறது.

சரியான கோப்பில் முந்நூறு என்று மாற்றி, சர்வரை நிறுத்தி எழுப்பினார். முப்பது தாண்டியது, நாற்பது, ஐம்பது. அறுபதில் வெள்ளைத் திரை. வருகிறவர்களை உள்ளே அனுப்ப வாசலில் நிற்கும் இன்னொரு சர்வருக்குத் தனியாக அறுபது விநாடிக் கெடுவாம். மணி நாலு இருபது.

வேறு வழியின்றி, கேவலத்திலும் கேவலமான காரியத்தில் இறங்கினார்: ஸ்க்ரிப்டைப் படித்துப் பார்த்தார். ஒவ்வொரு செவிலியருக்கும், மருத்துவமனைகளின் முழுப் பட்டியலையும் முதலிலிருந்து திறந்து, கடைசிவரை படித்து, மூடி, அடுத்தவருக்கு மறுபடி திறந்தது. நாலாயிரம் செவிலியர், நாலாயிரம் தடவை. எந்த மடையன் எழுதினான் என்று ஸ்க்ரிப்டின் முதல் வரிக்குப் போய்ப் பார்த்தார். தேதி ஒன்பது வருடத்துக்கு முந்தியது. பெயர் அவருடையது.

பட்டியலை ஒரே தடவை படித்து வைத்துக்கொள்ளும்படி இரண்டு வரியை மேலே தூக்கிப் போட்டார். நாலே விநாடி. நாலு ஐம்பத்திரண்டுக்குப் பட்டியல் தளத்தில் ஏறியது. வரிசை எண் அறுநூற்றுப் பதினொன்றில் மனைவி, உள்ளூர் மருத்துவமனைக்கு, திங்கட்கிழமை சேர.

"பாத்தியா, நேரத்தக் கூட்டுன்னேன், வந்துருச்சு" என்றார் இயக்குநர்.

மனைவி போனில் அழுதார், சிரித்தார், பிறகு சுதாரித்துக்கொண்டார். "ஏங்க, காலையிலேர்ந்து உசிர வாங்கினீங்களே, என்னதான் கோளாறு?"

"ஒரு ஆள் தப்பா எழுதி வெச்சிருந்தான்."

"எவன் அவன்? எங்கையில மட்டும் கெடச்சான்..."

"கெடைப்பான்" என்றார் நேரங்கூட்டி. "திங்கக்கெழமையிலேர்ந்து தெனமும் கெடைப்பான்."