செல்லையாவின் பூட்டனைத் தேடிப் போய்...

போன வாரம் ஆயக்குடியில் ஒரு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். நான் செய்த குற்றம்? ஒருவருடைய பூட்டனைக் கண்டுபிடித்துக் கொடுத்ததுதான். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.)

கொடைக்கானலுக்கு சீசனுக்கு சீசன் சில வெள்ளைக்காரர்கள் வருவார்கள் — ஏரியைப் பார்க்க அல்ல, கொள்ளுத்தாத்தாவைப் பார்க்க. சர்ச் ரிஜிஸ்டரைப் புரட்டினால் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் வரிசையாக இருக்கும். அவர்களுக்குக் கல்லறையைத் தேடிக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் பேர் வேறு. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

செல்லையா கொடைக்கானலை அடுத்த பேத்துப்பாறையில் இருப்பவர். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறித் திரும்பி வந்து, இங்கே ஒரு பேரிக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். மகளுக்குப் பழனி பக்கத்து ஆயக்குடியில் கொய்யா வியாபாரம் செய்யும் வீட்டில் சம்பந்தம் பேசி முடித்தாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார் — உங்கள் குலசாமி எது? முதல் பத்திரிகையை அங்கே வைத்துவிட்டுத்தான் ஊருக்கு வைக்க வேண்டும்.

செல்லையா முழித்தார். நேராக என்னிடம் வந்துவிட்டார்.

"எங்க பூட்டன் வெள்ளக்காரன் காலத்துல கண்டிச் சீமைக்குப் போனவருங்கய்யா. பழனிப் பக்கம்னு மட்டுந்தான் தெரியும். சாமி தெரியலைன்னா அந்தம்மா கல்யாணமே வேணாம்னுருவாங்களோன்னு பயமா கெடக்குங்க."

விடுவேனா? துரையின் தாத்தாவுக்கு சர்ச் ரிஜிஸ்டர் இருந்தால், கூலியின் தாத்தாவுக்குத் தோட்டத்து ரிஜிஸ்டர் இருக்காதா? செல்லையா பிறந்த தோட்டத்துக் கிளாக்கருக்குக் கடிதம் மேல் கடிதமாகப் போட்டேன். மனுஷன் தொல்லை தாங்காமல் பதில் எழுதினார். பூட்டனின் பெயர், அவர் அப்பன் பெயர், ஆள் பிடித்த கங்காணி, ஊர்... ஆயக்குடிக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமம்! செல்லையா அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் வெள்ளனே பஸ் பிடித்து இரண்டு பேரும் போய் இறங்கினோம். பூட்டன் பெயரைச் சொன்னதுமே கோயில் பூசாரி, 'கண்டிக்குப் போய்த் திரும்பாத வகையறா' என்று சரியாகச் சொல்லிவிட்டார். கருப்பசாமி முன்னால் செல்லையா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்திருக்க வெகுநேரமாயிற்று. அழுதிருக்கிறார்.

அப்புறம்தான் சாமி காலடியில் இருந்த கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தேன். மஞ்சள் தடவி, புத்தம் புதிதாக... தங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம் என்றார் பூசாரி, பெருமையாக. குனிந்து படித்தால் — மணமகன், அதே ஆயக்குடி மாப்பிள்ளை; மணமகள், செல்லையாவின் மகள்!

ஒரே குலசாமி என்றால் பங்காளி. பங்காளி என்றால் மாப்பிள்ளை பெண்ணுக்கு அண்ணன் முறை. கல்யாணம் எப்படி நடக்கும்? மூச்சு விடாமல் மறைத்துவிடலாம் என்றேன் நான். செல்லையா கேட்கவில்லை. சொல்லாமல் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று நேராக ஆயக்குடிக்கு நடையைக் கட்டினார்.

அந்த அம்மா கொய்யாக் கூடைகளுக்கு நடுவே நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். பெண்ணைப் பார்த்த நாளிலிருந்து அவர் மகனுக்கு வேறு பேச்சே கிடையாதாம். அவருக்கும் இந்த மருமகள்தான் வேண்டும். இதையெல்லாம் தோண்டி எடுத்தது யார் என்று விசாரித்தார். செல்லையா என்னைக் காட்டினார்.

"ஏங்க, படிச்சவருதானே நீங்க? வெள்ளக்காரன் ஆள் புடிக்கிற அவசரத்துல வாயில வந்த ஊரை எழுதிருப்பான். அதை நம்பி எம் மகன் கல்யாணத்தை நிறுத்தவா? பூசாரிகிட்ட நான் பேசிக்கிறேன். குலசாமி தெரியாதவங்களுக்குப் பழனி முருகன். இவங்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. வெரசா கெளம்புங்க, எனக்குச் சோலி கெடக்கு."

திரும்பும்போது பஸ்ஸில் செல்லையா அந்தத் தோட்டத்துக் காகிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாகவே வந்தார். கல்யாணம் நின்றுவிடவில்லையே, இன்னும் என்ன வருத்தம் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கல்யாணம் முடிஞ்சப்புறம்... அந்தக் கோயிலுக்கு நான் போயி வரலாங்களாய்யா?"

தாராளமாகப் போகலாம். சம்பந்தி வீட்டுக் குலசாமியைக் கும்பிடுவதை யார் தடுக்க முடியும்?